எது பொருந்தவில்லை?

குமணன்சாவடியில் மவுன்ட்–பூந்தமல்லி சாலையை விட்டுக் குன்றத்தூர் சாலை பிரியும் இடத்தைச் சுற்றி நடந்து பார்த்தால், பத்து வயதைத் தாண்டிய கணினிகள் இன்றும் குடும்பங்களுக்குச் சோறு போடுவது தெரியும். ஜெராக்ஸ் கடையில் ஒன்று. மருந்துக் கடையின் பில் மேசையில் ஒன்று. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடையில் இன்னொன்று. மாடி வீட்டில், அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி இப்போது தம்பியின் கையில். இவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இத இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாமா, இல்ல தூக்கிப் போட்டுடலாமா?”

அதற்குப் பதில் சொல்லும் முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எது பொருந்தவில்லை? கணினி மொத்தமாகப் பழசாவதில்லை. ஹார்டு டிஸ்க் தளர்ந்திருக்கும். பிராசசர் திடமாக இருக்கும். ராம் போதாமல் இருக்கும்; மதர்போர்டில் ஒரு ஸ்லாட் காலியாகவே கிடக்கும். சில சமயம் எதுவுமே கெட்டிருக்காது; பிரவுசர் மட்டும் காலாவதியாகி, வங்கியின் தளம் திறக்காது. எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று பார்க்காமல் “ஓஎஸ் மாத்திக் குடுங்க” என்று கடையில் கொடுத்தால் காசும் போகும், உள்ளே இருந்த கோப்புகளும் போகும். அறுந்த கண்ணியை மட்டும் கண்டுபிடித்து அதை மட்டும் மாற்றுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

முதலில் வயதைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாங்கிய தேதி பயன்படாது. பிராசசரின் பெயர்தான் உண்மையான வயதைச் சொல்லும். ஸ்டார்ட் பட்டனை வலது கிளிக் செய்து ‘சிஸ்டம்’ என்பதைத் திறந்தால் பெயர் வரும். இன்டெல் என்றால் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு இலக்கங்கள்தான் தலைமுறை.

இதில் உங்களுக்கு முக்கியமான பிரிவுகள் மூன்று. கோர் 2 டூயோவும் அதற்கு முந்தையவையும் ஒரு பக்கம். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, பிராசசருக்குள் எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுதியைக் கட்டாயமாக எதிர்பார்க்கிறது. கோர் 2-வில் அது இல்லை. எந்தக் குறுக்குவழியில் போனாலும் பூட் ஆகாது. அடுத்தது முதல் தலைமுறையிலிருந்து ஏழாம் தலைமுறை வரை. இவை வேகத்தில் குறைந்தவை அல்ல, மைக்ரோசாஃப்டின் பட்டியலில்தான் இல்லாதவை. மூன்றாவது, 2017-இல் வந்த எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும்; ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையில் பெரும்பாலானவையும் அதன் பிறகு வந்தவையும். இவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படியே உண்டு.

பிராசசர் தெரிந்த பிறகு இரண்டு சின்னச் சோதனைகள். வலது கீழ் மூலையில் தேதி சரியாக இருக்கிறதா? ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பின்னோக்கி ஓடிவிடுகிறது என்றால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கிறது. தேதி தவறாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும். எதைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று வரும். ஒரு செல் மாற்றினால் தீரும் இந்தக் குறைக்காகக் கணினியையே ஃபார்மட் அடித்தவர்கள் உண்டு. தேதி சரியாக இருந்தும் அதே செய்தி வந்தால், கணினியில் உள்ள மூலச் சான்றிதழ்கள் பழையவையாக இருக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, அப்டேட் காணாத பல கணினிகளில் ஏராளமான தளங்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின. ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்களைத் தானே வைத்துக்கொள்வதால், அப்படிப்பட்ட கணினியில் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது சோதனை ஹார்டு டிஸ்க்குக்கு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஓட்டினால், டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும். ‘ரீஅலொகேட்டட்’, ‘பெண்டிங்’ என்ற சொற்கள் வரும் வரிகளில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால் மற்ற எதையும் தொடாதீர்கள். முதலில் கோப்புகளை வேறு இடத்தில் பிரதி எடுங்கள்.

எஸ்எஸ்டி: முதல் செலவு இதுவாகவே இருக்கட்டும்

பழைய கணினிக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் எஸ்எஸ்டி வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 100 எம்பி அளவுக்குக் கொடுக்கும். ஆனால் விண்டோஸ் திறக்கும்போது நடப்பது அதுவல்ல. ஆயிரக்கணக்கான சின்னச்சின்னக் கோப்புகளை டிஸ்கின் மூலைமுடுக்கிலிருந்து தேடி எடுப்பது. அந்த வேலையில் அதன் வேகம் நொடிக்கு ஓரிரு எம்பிக்கு விழுந்துவிடும். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, தேடி அலையும் ஊசியும் இல்லை. “சிஸ்டம் ஹேங் ஆகுது” என்ற புகாரில் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இன்னொரு நல்ல செய்தி, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பழைய போர்டிலும் அப்படியே பொருந்தும். இன்றைய சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை போகக்கூடியது. உங்கள் போர்டு இரண்டாம் தலைமுறை சாட்டாவாக இருந்தால் 280 எம்பி அளவில் நின்றுவிடும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். தினசரி வேலையில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் போய் சாட்டா முறை ‘ஏஎச்சிஐ’ என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘ஐடிஇ’ என்று இருந்து, உள்ளே ஏற்கெனவே விண்டோஸ் இருந்தால் சட்டென்று மாற்றிவிடக் கூடாது, நீலத்திரை வரும். புதிதாக விண்டோஸ் போடும் நாளில் மாற்றிக்கொள்ளுங்கள்.

தடுக்கி விழும் இடம் எம்.2. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் குட்டி அட்டைகளில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. 2015 வாக்கில் வந்த பல மடிக்கணினிகளின் எம்.2 ஸ்லாட் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். மேசைக்கணினியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் மாட்டும் அடாப்டர் வாங்கி என்விஎம்இ போடலாம் என்று கடைக்காரர் சொன்னால், ஒன்றைக் கேளுங்கள்: “இந்த போர்டு அதுலேருந்து பூட் ஆகுமா?” பழைய பயாஸுக்கு என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. கோப்பு வைக்கும் டிரைவாகப் பயன்படும். விண்டோஸை அதில் வைத்துத் திறக்க முடியாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெப்ரானிக்ஸ் போன்ற நிறுவனங்கள், 2011-இல் வந்த எச்61 சிப்செட்டை வைத்தே என்விஎம்இ ஸ்லாட்டோடு புதிய போர்டுகளை விற்றிருக்கின்றன. போர்டு மட்டும் போய், இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறை பிராசசரும் டிடிஆர்3 ராமும் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு அது ஒரு வழி.

ஹார்டு டிஸ்க்கையும் விட மனமில்லை என்றால், மடிக்கணினியில் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ‘கேடி’ என்ற சட்டத்தோடு ஹார்டு டிஸ்க்கை வைக்கலாம். கேடியில் 9.5 மிமீ, 12.7 மிமீ என்று இரண்டு தடிமன் உண்டு; அளந்துகொண்டு போங்கள். பெரிய டிஸ்க் சேர்க்கும்போது இன்னொரு எல்லை வரும்: பழைய எம்பிஆர் பிரிவு முறை 2 டிபிக்கு மேல் காட்டாது. ஜிபிடி முறைக்கு மாற்றினால் முழுக் கொள்ளளவும் கிடைக்கும்.

ராம்: ஸ்டிக்கரில் உள்ள சின்ன எழுத்து

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பழைய ராம் கிடைக்காத நாள் இல்லை. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளத் தொடங்கியதும் புது ராம் விலை கடுமையாக ஏறியது. அதனால் பழைய ராமை நாடுவதில் தவறே இல்லை. ஆனால் “டிடிஆர்3, 4 ஜிபி” என்று மட்டும் சொல்லி வாங்கி வந்தால், மாட்டியதும் பீப் சத்தம் மட்டும் கேட்கலாம்.

காரணங்கள் மூன்று. முதலாவது மின்னழுத்தம். சாதாரண டிடிஆர்3 ராம் 1.5 வோல்ட்டில் வேலை செய்யும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். நான்காம் தலைமுறை மடிக்கணினிகளில் பலவும் குறைந்த வோல்ட்டை மட்டுமே கொடுக்கும், அவற்றில் சாதாரண டிடிஆர்3 ஓடாது. டிடிஆர்3எல் பொதுவாக இரண்டு இடத்திலும் ஓடும். ஆகவே சந்தேகம் வந்தால் ‘எல்’ உள்ளதையே கேளுங்கள்.

இரண்டாவது சிப்புகளின் அடர்த்தி. கோர் 2 காலத்து ஜி41 போர்டு ஒரு 4 ஜிபி ராமில் பதினாறு சிப் இருந்தால்தான் முழுதாக எடுத்துக்கொள்ளும். ஸ்டிக்கரில் ‘2ஆர்எக்ஸ்8’ என்று இருந்தால் பதினாறு, ‘1ஆர்எக்ஸ்8’ என்று இருந்தால் எட்டு. கையில் எடுத்து இருபுறமும் எண்ணியே பார்த்துவிடலாம். மூன்றாவது, ‘ஏஎம்டி ராம்’ என்று மலிவாக விற்கப்படுவது. அது ஏஎம்டி போர்டுகளில் மட்டுமே ஓடும். இன்டெல்லில் மாட்டினால் திரையே வராது. நல்ல கடைக்காரர் விற்கும் முன்பே உங்கள் போர்டைக் கேட்பார். கேட்காதவரிடம் நீங்களே சொல்லுங்கள், முடிந்தால் சிஸ்டத்தையே எடுத்துப் போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

போட்ட பிறகும் 4 ஜிபியில் 3.2 மட்டுமே காட்டுகிறது என்றால் ராமில் குறையில்லை. உள்ளே 32-பிட் விண்டோஸ் இருக்கிறது. 64-பிட் போட வேண்டும்.

அரசு கொடுத்த மடிக்கணினி

2011 செப்டம்பர் 15 அன்று, நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து பல லட்சம் மாணவர்களுக்குக் கொடுத்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் லினக்ஸ், சென்னையில் உள்ள சிடாக் மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. பெரும்பாலான வீடுகளில் அந்த இரண்டாவது வாசலைத் திறந்து பார்த்ததே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். இப்போது அந்த வாசல்தான் கை கொடுக்கப் போகிறது.

உங்கள் மடிக்கணினியில் ‘விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்’ என்று இருக்கிறதா பாருங்கள். அந்தப் பதிப்பு 32-பிட்டில் மட்டுமே வந்தது. 2 ஜிபிக்கு மேல் எவ்வளவு ராம் போட்டாலும் அதைத் தொடவே தொடாது. ராமுக்குச் செலவழித்தும் வேகம் கூடவில்லை என்று சொல்பவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்தது. குரோம் பிரவுசரின் 109-ஆம் பதிப்போடு 7-க்கும் 8.1-க்கும் கதவு அடைந்தது. 2023 பிப்ரவரி முதல் புதிய குரோம் இவற்றில் ஏறாது. தம்பியின் ஆன்லைன் வகுப்பு திறக்காததற்கும் விண்ணப்பப் படிவத்தில் பட்டன் வேலை செய்யாததற்கும் மடிக்கணினி பொறுப்பல்ல, பிரவுசர்தான்.

இதற்கு நான் சொல்லும் வழி: எஸ்எஸ்டி ஒன்று, ராமை 4 ஜிபிக்கு ஏற்றுவது, மேலே லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் குறைந்தது 2 ஜிபி கேட்கும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. அதன் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட், கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பிறகு நிறுவுங்கள். தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகை வந்துவிடும். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், யூடியூப், பைத்தான் படிப்பது என்ற அளவில் ஒரு மாணவனுக்கு எதுவும் குறையாது.

பிராசசரே 32-பிட் மட்டும் என்றால் நேரம் நெருங்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் கணினிக்கான நிறுவல் வட்டு கிடையாது. ஃபயர்ஃபாக்ஸும் லினக்ஸில் 32-பிட்டுக்கான வழக்கமான பதிப்பை 144-ஓடு நிறுத்திக்கொண்டது. அப்படிப்பட்ட கணினியை இணையத்திலிருந்து பிரித்து, தட்டச்சுப் பழகவோ பாட்டுக் கேட்கவோ வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

விண்டோஸ் 10-இல் நிற்பவர்களுக்கு

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் காசு கட்டாமலே பதிவு செய்யலாம். இது கடையை மூடும் முன் கொடுத்த அவகாசம் மட்டுமே. அந்த ஒரு வருடத்தை யோசித்து முடிவெடுக்கப் பயன்படுத்துங்கள்.

எட்டாம் தலைமுறைக் கணினி இருந்தும் விண்டோஸ் 11-க்கு ‘இந்தக் கணினி தகுதியற்றது’ என்று வருகிறதா? பெரும்பாலும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருக்கும். பயாஸில் இன்டெல் என்றால் ‘பிடிடி’, ஏஎம்டி என்றால் ‘எஃப்டிபிஎம்’ என்று தேடி இயக்குங்கள். பழைய லெகசி முறையில் விண்டோஸ் போட்டிருந்தால், எம்பிஆர்2ஜிபிடி என்ற மைக்ரோசாஃப்டின் கருவியே டிஸ்க்கை அழிக்காமல் மாற்றிக் கொடுக்கும். பிறகு பயாஸில் யூஇஎஃப்ஐயையும் செக்யூர் பூட்டையும் இயக்க வேண்டும். மாற்றும் முன் பிரதி எடுக்கத்தான் வேண்டும்.

ஏழாம் தலைமுறை வரை உள்ளவற்றில், ரூஃபஸ் மென்பொருளால் தயாரித்த பென்டிரைவ் வழியாகச் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 போடுகிறார்கள். வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் நீங்களே மறுபடி கையால் ஏற்ற வேண்டியிருக்கும். எந்த அப்டேட் எப்போது மறுக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வீட்டுக் கணினிக்குச் சரி. டேலி ஓடும், ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கணினிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதக் கடைசித் தேதியில் அது திறக்காமல் போனால் இழப்பு வன்பொருளின் விலையை விட அதிகம்.

2012-க்குப் பிந்தைய கணினி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசாஃப்ட் 2011-இல் வெளியிட்ட சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குப் புது பயாஸ் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். டெல் மடிக்கணினிகளில் அடிப்பக்கம் உள்ள சர்வீஸ் டேக் எண்ணைத் தளத்தில் கொடுத்தால் சரியான பயாஸும் டிரைவரும் வந்து நிற்கும். 2007-லிருந்து நமக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரிலேயே டெல் ஆலை இயங்கியது. இந்தப் பகுதியில் கைமாறும் பழைய அலுவலக மடிக்கணினிகளில் டெல்லுக்குக் குறைவில்லை. பயாஸ் ஏற்றும் நேரத்தில் மின்சாரம் போகக் கூடாது. மடிக்கணினியில் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும், மேசைக்கணினி என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

டிடிபி கடையின் எக்ஸ்பி கணினி

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிக முக்கியமான பகுதி இது. தமிழ் அச்சுத் தொழிலில் உள்ளவர்கள் பழைய கணினியை விடாமல் வைத்திருப்பது பிடிவாதத்தால் அல்ல. பேஜ்மேக்கர் 7, அதோடு ஸ்ரீலிபி எழுத்துருத் தொகுப்பு, அதைத் திறக்கும் டாங்கிள், இருபது ஆண்டுகளாகச் செய்த பத்திரிகைகள், பில் புத்தகங்கள், கோயில் அழைப்பிதழ்கள்: எல்லாமே அந்த ஒரு விண்டோஸ் எக்ஸ்பிக்குள் இருக்கின்றன. அதைத் தூக்கிப் போடச் சொல்வது கடையையே மூடச் சொல்வது போல.

முதலில் அந்தக் கணினியை உயிரோடு வையுங்கள். எக்ஸ்பியை எஸ்எஸ்டிக்கு மாற்றலாம். ஆனால் எக்ஸ்பி தன் பிரிவை 63-ஆவது செக்டாரில் தொடங்கும், அது எஸ்எஸ்டியின் உள்ளமைப்போடு ஒத்துப்போகாது, எழுதும் வேகம் குறையும், ஆயுளும் குறையும். ஏதாவது லினக்ஸ் பென்டிரைவிலோ விண்டோஸ் 7 வட்டிலோ முன்கூட்டியே பிரிவை உருவாக்கிவிட்டுப் பிறகு எக்ஸ்பியை அதில் வையுங்கள். பயாஸில் சாட்டா முறை ‘ஐடிஇ’ என்றே இருக்கட்டும். எக்ஸ்பியின் நிறுவல் வட்டில் ஏஎச்சிஐ டிரைவர் இல்லை.

அடுத்து, அதை இணையத்திலிருந்து பிரித்துவிடுங்கள். கடையில் உள்ள புது விண்டோஸ் கணினியோடு எக்ஸ்பி நெட்வொர்க்கில் பேச மறுப்பது பலருக்கும் தலைவலி. எக்ஸ்பிக்குத் தெரிந்த கோப்புப் பகிர்வு மொழி எஸ்எம்பி 1 மட்டுமே. 2017 கடைசியிலிருந்து விண்டோஸ் 10-இல் அது இயல்பாக அணைந்தே வருகிறது. அதை மறுபடி இயக்கிவிடச் சொல்லிச் சில டெக்னீஷியன்கள் வழிகாட்டுவார்கள். வேண்டாம். 2017 மே மாதம் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை பரவியது அந்த வாசல் வழியாகத்தான். பென்டிரைவில் எடுத்துப் போங்கள். அதுவும் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்கட்டும். எக்ஸ்எஃப்ஏடி முறையை எக்ஸ்பி தானாகப் படிக்காது.

அந்தக் கணினி ஒருநாள் நிற்கத்தான் போகிறது. அதற்கு முன் அதைப் புதுக் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக வைத்துவிடலாம். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் எக்ஸ்பி நன்றாக ஓடும். யூஎஸ்பி டாங்கிளை அதற்குள் கடத்திவிட முடியும். பழைய பேரலல் போர்ட் டாங்கிள்தான் சிக்கல்; பிரிண்டருக்காக விற்கும் யூஎஸ்பி–பேரலல் கேபிளில் மாட்டினால் அது தெரியாது. அப்படி வைத்திருப்பவர்கள், எழுத்துரு நிறுவனத்தை அணுகி யூஎஸ்பி பூட்டுக்கோ புதுப் பதிப்புக்கோ மாற்றிக்கொள்ள முயல வேண்டும். பேரலல் போர்ட் உள்ள உதிரி போர்டு கிடைத்தால் ஒன்று வாங்கி வைப்பதும் நல்லது.

ஆனால் உண்மையில் காப்பாற்ற வேண்டியது உள்ளே உள்ள தமிழ். பாமினி, டாம், டாப், ஸ்ரீலிபி போன்றவற்றில் அடித்த கோப்பில் இருப்பது தமிழ் எழுத்தே அல்ல. ஆங்கில எழுத்துகள், பிற குறிகளின் இடத்தில் தமிழ் உருவங்களை ஒட்டிய ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பு புரியாத குறிகளாக நிற்கும். டாம், டாப் இரண்டும் 1999-இல் தமிழ் 99 விசைப்பலகையோடு தரப்படுத்தப்பட்டவை. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. இன்று வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெயர்ப் பட்டியல் யூனிகோடில் வருகிறது. கடையில் மறுபடி உட்கார்ந்து அடிக்கிறார்கள். அடிக்கும்போது பிழை நுழைகிறது, கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் மாறிப்போகிறது.

மாற்றிகள் இருக்கின்றன. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகத் தந்த என்எச்எம் கன்வர்ட்டர், அழகி+ போன்றவை பழைய குறியேற்றங்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும். பேஜ்மேக்கர் கோப்பையே திறக்க லிப்ரே ஆபீஸ் டிரா, ஸ்கிரைபஸ் இரண்டையும் முயன்று பாருங்கள். பக்க அமைப்பு அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம், எழுத்து வந்தால் போதும். மாற்றிய பின் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கண்ணில் தெரியும் வரிசையில் அடிக்கப்பட்டது. யூனிகோடில் க முதலில் வரும். இடையில் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் கொம்பு தனியாகத் தொங்கும். கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ அடித்திருப்பார்கள், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஔகாரத்துக்குப் பதில் ஒகரத்தோடு ‘ள’ இருக்கும். ‘ஸ்ரீ’யும் மேற்கோள் குறிகளும் தவறும். நடுவே இருந்த ஆங்கிலச் சொற்களைத் தமிழ் என்று நினைத்து மாற்றி உளறலாக்கிவிடும். அவற்றை முன்பே பிரித்து வையுங்கள்.

எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை என்றால் வருடா வருடம் திரும்பி வரும் வேலைகளை மட்டும் மாற்றுங்கள்: கோயில் திருவிழா அழைப்பிதழ், சங்கத்தின் ஆண்டறிக்கை, பள்ளியின் படிவங்கள். மற்றவற்றை எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக்கி வைத்தால் குறைந்தது அச்சடிக்கவாவது முடியும். புதுப் பக்க வேலையை இன்டிசைனில் செய்பவர்கள் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் யூனிகோடு தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

பிரிண்டர், மானிட்டர், வைஃபை

பிரிண்டர் கெடுவதற்கு முன் அதன் டிரைவர் காணாமல் போகிறது. 32-பிட் டிரைவர் 64-பிட் விண்டோஸில் ஏறாது. மூன்றாம் தரப்புப் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. ஆகவே உங்கள் பிரிண்டருக்கான 64-பிட் டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்றே இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸுக்குப் போக நினைப்பவர்கள், ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக உள்ள கேனன் எல்பிபி 2900 அங்கே தகராறு செய்யும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். எச்பி 1020-க்கு எச்பியின் கூடுதல் பிளக்இன் போட்டால் ஓடும்.

பழைய கணினியின் விஜிஏவைப் புது மானிட்டரின் எச்டிஎம்ஐயில் மாட்ட ‘விஜிஏ டு எச்டிஎம்ஐ’ கன்வர்ட்டர் வேண்டும். ‘எச்டிஎம்ஐ டு விஜிஏ’ என்பது எதிர்த்திசைக்கானது, மாற்றி வாங்கினால் படம் வராது. பழைய மடிக்கணினிக்குப் பல சமயம் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தெரியாது. ஃபைபர் ரூட்டரில் அந்தப் பெயர் தெரியவில்லை என்று பழுது பார்க்காமல், சின்ன யூஎஸ்பி வைஃபை ஒன்றை மாட்டுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

மெட்ரோ தூண்கள் எழுந்த ஆண்டுகளில் சாலையோரக் கடைகளின் சிபியுவுக்குள் படிந்த புழுதியை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஏதாவது மேம்படுத்தும் முன் ஊதிச் சுத்தம் செய்து, பிராசசர் மேல் தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள். சூட்டால் தானாக அணையும் கணினிகளில் பல இதிலேயே சரியாகிவிடும். மாங்காடு பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் தெருக்களில் இருப்பவர்கள், சிபியுவைத் தரையில் வைக்க வேண்டாம்.

மதர்போர்டில் கெபாசிட்டர் தலை உப்பியிருந்தாலோ, போர்டும் ராமும் சேர்ந்து போயிருந்தாலோ, கேட்ட உதிரிப்பாகத்தின் மொத்த விலை ஓர் எட்டாம் தலைமுறை பழைய அலுவலகக் கணினியின் விலையில் பாதியைத் தொட்டாலோ அங்கே நிறுத்திவிடுங்கள். நீங்கள் போட்ட எஸ்எஸ்டியைக் கழற்றிப் புதியதில் மாட்டிக்கொள்ளலாம், அந்தச் செலவு வீணாகாது. மடிக்கணினியின் அடிப்பலகை மேடு தட்டினால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்தி, குத்தாமல், நசுக்காமல், சர்வீஸ் கடையில் கொடுத்துக் கழற்றுங்கள்.

பழையதைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். போகும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்களின் ஆதார் நகலும் வங்கிப் புத்தக ஸ்கேனும் ஜெராக்ஸ் கடை டிஸ்க்கில் இருக்கும்; ஃபார்மட் அடித்தாலும் அவற்றை மீட்டெடுக்க முடியும். டிஸ்க்கையும் சேர்த்துக் கொடுப்பதானால், லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து டிஸ்க் முழுவதும் ஒருமுறை பூஜ்யங்களால் எழுதிவிடுங்கள். டிஸ்க்கே சுழலவில்லை என்றால் கழற்றி, தட்டில் துளை போட்டுவிட்டுக் கொடுங்கள்.